புதன் புதிர், நாற்பத்தொன்றாவது வாரம்

1

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் ‘இவன் என்னத்தை மறைக்கிறான்’ என்று மூடி வைத்துவிடுவீர்கள். 2007 நவம்பரில் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்று ஏழுக்கு, ஒரு வலைப்பூவில் நான் ஒரு பின்னூட்டம் போட்டேன். ஒரே சொல். ஒரு கிழங்கின் பெயர். சரியான விடை, அதுவும் முதல் விடை என்பதால் எனக்கு இரண்டு புள்ளி கிடைத்தது. அந்தப் புள்ளிகளை எங்கே திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் நைனா முகமது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆறு கேபின் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். பறவை பார்ப்பேன், பார்த்ததை வலைப்பூவில் எழுதுவேன். ஆனால் இது என் கதை இல்லை, ராயப்பராஜின் கதை. என்னை அடிக்கடி உள்ளே விடாதீர்கள். விட்டால் பேச்சை எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன். வியாபாரி புத்தி.

தொடக்கத்துக்கு மூன்று வரி எழுதி அடித்தேன். மூன்றையும் இங்கே விட்டுவைக்கிறேன்.

‘குடகனாற்றங்கரையில் அன்று பனி’ (வேடசந்தூர் பக்கம் எந்தக் காலத்தில் கதைக்குத் தோதாகப் பனி பெய்தது? பொய்.)

‘ராயப்பராஜ் நல்ல மனிதர்.’ (உண்மை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் அவர் தலையில் கல்லைப் போடப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். போடத்தான் போகிறேன்.)

‘சிவனம்மாளுக்கு நாங்கள் யாருமே’ (இதை முடிக்க முடியவில்லை. ஏழெட்டுத் தடவை முயன்றேன்.)

2

ராயப்பராஜுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஃபார்மலின் பாட்டில்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவது அவர் வேலை. பெயர், ஊர், தேதி. அதற்குமேல் சீட்டில் இடம் கிடையாது. பத்தொன்பது வருடம் அப்படி எழுதிய கை, வேறு எதை எழுதினாலும் மூன்று வரியில் நின்றுவிடும். பொண்டாட்டிக்கு எழுதிய ஒரே கடிதமும் அப்படித்தான் இருந்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எறும்புகளைப் பற்றி ஒரு வலைப்பூ வைத்திருந்தார். ஒன்றரை வருடம், எண்பத்திரண்டு பதிவு, ஒரு பின்னூட்டம் இல்லை. ஒருநாள் ஒன்று வந்தது. ஏதோ வெளிநாட்டு மாத்திரை விளம்பரம். ‘உங்கள் கட்டுரை மிகவும் பயனுள்ளது’ என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து நேரே மாத்திரைக்குப் போனது. மூன்றாம் நம்பர் கேபினில் உட்கார்ந்து அந்த முதல் வரியை அவர் இரண்டு தடவை படித்தார். விளம்பரம் என்று தெரிந்தும் அழிக்கவில்லை.

யாராவது ஒருவர் படிக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் அவர் செய்ததை வைத்து நீங்கள் அவரை ஒரு கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். தனியாக எழுதிக்கொண்டிருப்பவனின் வலி அவருக்குத் தெரியாததில்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டேனென்கிறது.

தேடத் தொடங்கினார். எங்கள் மாவட்டத்திலேயே இன்னும் நாலு பேர் கேட்பாரற்று எழுதிக்கொண்டிருந்தோம். நான் பறவை. நத்தம் பக்கம் ஜெரோம், பாம்பு. திண்டுக்கல் டவுனிலேயே ஐரின், பள்ளிக்கூட ஆசிரியை, வண்ணத்துப்பூச்சி. வேடசந்தூரில் சிவனம்மாள், நூல்மில்லில் வருகைப்பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் கிளார்க், களைச்செடி. எல்லோரையும் ஒரே வலைப்பூவுக்குள் கூட்டி வந்தார். ‘கரடு’ என்று பெயர் வைத்தார். எங்கள் ஊர்ப் பக்கம் முள்ளும் பாறையுமாகக் கிடக்கிற சின்ன மலைக்கு அதுதான் பெயர். மேலே என்ன இருக்கிறது என்று ஒருவரும் ஏறிப் பார்க்காத இடம்.

3

நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறை. இந்தப் பகுதியைக் கொஞ்சம் சிரிப்பாக எழுத வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இதற்குப் பிறகு சிரிக்க இடம் கிடைக்காது.

2007 ஜனவரியில் ஒரு ஞாயிறு. குடகனாற்றோரம். ராயப்பராஜ் போட்ட அறிவிப்பில் ‘காலை’ என்று மட்டும் இருந்தது, மணி இல்லை. மூன்று வரிக்காரர் அல்லவா. நான் ஐந்தே முக்காலுக்குப் போய் நின்றேன். ஐரின் டீச்சர் வந்து இறங்கும்போது மணி ஒன்பதரை.

“வெயில் ஏறாம வண்ணத்துப்பூச்சி எந்திரிக்காதுங்க பாய்” என்றார்.

“வெயில் ஏறுனா பறவை போயிரும் டீச்சர்.”

இதற்கு நடுவில் ஜெரோம் கல்லைப் புரட்டிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு கல்லும் ‘தொம்’ என்று விழுந்தது. நான் நாலு மணி நேரமாகக் காத்துக்கிடந்த சாம்பல் நாரை மூன்றாவது கல்லுக்கே எழுந்து போய்விட்டது.

“ஏலே, அந்தக் கல்லை மெதுவா வையேன்!”

“மெதுவா வச்சா அடியில இருக்கறது நசுங்கிரும் பாய். தூக்கித்தான் போடணும்.”

ராயப்பராஜ் தரையில் குப்புறப் படுத்திருந்தார். எறும்பு பார்க்கிறவர் வேறு எப்படி இருப்பார்? அவரை ஐரின் டீச்சர் ஒரு தடவை மிதித்தே விட்டார்.

சிவனம்மாள்தான் எல்லோரோடும் நடந்தாள். மெலிந்த பெண், முப்பது முப்பத்தொன்று வயதிருக்கும். பர்லாங்குக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வாள். யார் பக்கத்தில் போகிறாளோ அவர்களுக்குத் தோதாகப் பேசுவாள். என்னிடம், “இந்தத் துத்திக் காயை எந்தக் குருவி திங்குது?” என்றாள். டீச்சரிடம், எந்தப் புழு எந்தக் களையில் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஜெரோமுக்கு நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிவிட்டாள். போகும்போது, “அடுத்த மாசமும் வரலாம்ல?” என்று கேட்டாள்.

எல்லோரும் வரலாம் வரலாம் என்றோம். ஒருவரும் வரவில்லை, ஏனென்றால் ஒருவரும் கூப்பிடவில்லை.

4

சந்திப்பு தோற்றதும் ராயப்பராஜ் ஒடிந்துபோனார். வலைப்பூவிலும் அதே கதிதான். என் பறவைப் பதிவை டீச்சர் படிப்பதில்லை. டீச்சர் பதிவை ஜெரோம் திறப்பதில்லை. களைச்செடிப் பதிவுகளின் கீழே புல் முளைத்துக் கிடந்தது. ஒரு கூரைக்குள் இருந்துகொண்டு அவரவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. புதன் புதிர்.

வாரம் ஒருவர் ஒரு படம் போட வேண்டும். ‘இது என்ன?’ என்று ஒரே கேள்வி. முதலில் சரியாகச் சொல்கிறவருக்கு இரண்டு புள்ளி, அடுத்தவருக்கு ஒன்று. வலது ஓரத்தில் புள்ளிப் பட்டியல். படங்களை எல்லோரும் ராயப்பராஜுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அவர் புதன்கிழமை பத்தே முக்கால் மணி இடைவேளையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு என் கடைக்கு வந்து, மூன்றாம் நம்பர் கேபினில் உட்கார்ந்து ஏற்றுவார்.

ஊர் கூடிவிட்டது. நிஜமாகத்தான் சொல்கிறேன். சென்னையிலிருந்து, கோவையிலிருந்து, துபாயிலிருந்துகூட விடை வந்தது. பாம்புக்காரன் வண்ணத்துப்பூச்சிப் பெயர் சொன்னான். டீச்சர் தவளைக்குப் பெயர் சொன்னார். புதன்கிழமை என் கடையில் ராயப்பராஜின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வீட்டில் விசேஷம் வைத்தவர் மாதிரி இருப்பார்.

பதினாலாவது வாரம் ஜெரோம் ஒரு குட்டிப்பாம்பின் படத்தோடு, அதைப் பிடித்த கதையை இரண்டு பக்கம் எழுதி அனுப்பினான். கதையிலேயே விடை இருந்தது. பெரிய சண்டை. கோவைக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு போயே விட்டார். அன்றைக்கு ராயப்பராஜ் ஒரு விதி போட்டார்: புதிரில் ஒரு படம், ஒரு கேள்வி, அவ்வளவுதான். மீதி எதுவானாலும் வெட்டப்படும். ஊர்ச் செய்தி, சந்திப்பு எல்லாம் ‘அறிவிப்புகள்’ பக்கத்தில், மாதம் முதல் தேதி வரும்.

(பின்குறிப்பு போல ஒன்று: இந்த விதி நியாயமானது. நான்தான் முதல் ஆளாகக் கைதூக்கினேன்.)

5

இப்போது சிவனம்மாளைப் பற்றி ஒரு பகுதி எழுத வேண்டும். எழுத முடியாது என்று சொல்லத்தான் இந்த எண்ணைப் போட்டேன்.

‘கல்யாணமாகி ஒரே வருடத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள்’ என்று எழுதினேன். உண்மைதான். எழுதியதுமே நீங்கள் ‘ஓ, அதுதான் காரணமா’ என்று தலையாட்டுவது எனக்குத் தெரிந்தது. அடித்தேன்.

‘மில்லில் அவளுக்கு’ என்று ஆரம்பித்தேன். மில்லில் அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. அடித்தேன்.

பத்து மாதம் வாராவாரம் ஒருவர் எழுத்தை ஒருவர் திறந்து பார்த்திருக்கிறோம். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: குப்பைமேனியின் பூவைப் பெரிதாகப் பார்த்தால் கம்மல் மாதிரி இருக்கும் என்று எழுதினாள். ‘களை’ என்று சொல்லாதீர்கள், விதைக்காமல் வந்தது என்று சொல்லுங்கள் என்று எழுதினாள். பதிவுகளுக்குக் கீழே அவளே சில சமயம் ‘யாராச்சும் படிச்சீங்களா?’ என்று பின்னூட்டம் போட்டுக்கொள்வாள். அதற்கு நான் ஒரு முறை சிரிப்புப் பொம்மை போட்டேன்.

ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு இது போதாது. ஒரு மனுஷியைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் என்றால் வெட்கமாக இருக்கிறது.

6

நாற்பத்தொன்றாவது வாரம். பதினொரு மணி.

ராயப்பராஜ் சைக்கிளைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தார். “பாய், ஒரு டீ சொல்லுங்க” என்றபடி மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தார். அங்கிருந்து என் நாற்காலிக்கு ஐந்தடி. அவர் மனசுக்குள் ஓடியதை நான் எப்படி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். பின்னால், எங்கள் பேச்சு நின்றுபோவதற்கு முன், அவரே சொன்னார். சொல்லாததை நான் சேர்க்கவில்லை.

இந்த வாரம் சிவனம்மாள் முறை. மின்னஞ்சலைத் திறந்தார். ஒரு கிழங்கின் படம், ஈரமண் ஒட்டியிருந்தது. கீழே இப்படி இருந்தது:

‘இது என்ன கிழங்கு? எனக்கு இருபது நாளா எல்லாச் செடியும் ஒரே செடியாத் தெரியுது. கண்ணுல கோளாறு இல்லை, டாக்டர்ட்ட காட்டிட்டேன். இந்த ஞாயித்துக்கெழமை வீட்டுல யாரும் இல்லை, தங்கச்சி கல்யாணத்துக்குப் போகுது. யாராச்சும் வந்தா ஆத்தோரமா சும்மா நடக்கலாம், செடி பாக்க வேண்டாம்.’

படித்தார். படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. முதல் வாக்கியம் புதிர், அது இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் சொந்த விஷயம், விதிக்கு வெளியே. நாலாவதும் ஐந்தாவதும் சந்திப்பு பற்றியது, ‘அறிவிப்புகள்’ பக்கத்துக்குப் போக வேண்டியது. அந்த இரண்டை மட்டும் எடுத்து, முதல் தேதி போடுவதற்காக ஒரு கோப்பில் சேமித்து வைத்தார். அவ்வளவு கவனமான மனிதர். முதல் தேதி வந்தபோது ஞாயிறு கழிந்து வெகுநாளாகியிருந்தது. தேதி தாண்டிய அறிவிப்பு என்று அதையும் அழித்தார்.

‘அவர் விரல் ஒரு கணம் தயங்கியது’ என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் தயங்கவில்லை. சீட்டில் இடமில்லாததை வெட்டுகிறபோது வருகிற சின்னத் திருப்திதான் இருந்தது என்று அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

ஏற்றியபின் அவளுக்கு ஒரு பதில் அனுப்பினார்: ‘விதிப்படி சுருக்கிப் போட்டிருக்கிறேன். நன்றி.’

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

‘சரி சார்.’

(இந்தக் கதையில் அடித்த வரிகளையெல்லாம் இங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். நன்றாக இல்லை என்று எனக்கும் தெரிகிறது. எதையும் வெட்டக் கை வரவில்லை.)

7

நான் ஐந்தடி தள்ளி உட்கார்ந்து, பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ வந்திருந்தது. படம் வந்தது. எனக்கு அந்தக் கிழங்கு தெரியும், ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். விடையைத் தட்டிவிட்டேன். பதினொன்று ஏழு.

“பாய், கேபின்லருந்து வெளிய வரதுக்குள்ளயா!” என்று ராயப்பராஜ் சிரித்தார்.

(கிழங்கின் பெயர் இந்த இடத்தில் இருந்தது. எடுத்துவிட்டேன். இந்த ஒரு வெட்டு மட்டும் என்னுடையது. ஒரு பெயரைச் சொல்லிப் புள்ளி வாங்கியதே எனக்குப் போதும்.)

மொத்தம் பதினேழு பின்னூட்டம். ஜெரோம் பாதி தவறாகச் சொல்லி என்னோடு வாதாடினான். துபாய்க்காரர் அதன் அறிவியல் பெயரைப் போட்டு அரைப் புள்ளி கேட்டார். ஐரின் டீச்சர், ‘படம் அழகு, மண்ணோடு எடுத்திருப்பது சிறப்பு’ என்று எழுதினார். சிவனம்மாள் ஒன்றும் எழுதவில்லை.

எங்களுக்கெல்லாம் செடி சொல்லிக்கொடுத்தவள் அவள். வேலியோரத்து அத்தனை விதைக்காமல் வந்ததற்கும் பெயர் தெரிந்தவள். அவள் ஒரு கிழங்கைக் காட்டி எங்களிடம் பெயர் கேட்டாள். இவள் எதற்கு நம்மிடம் கேட்கிறாள் என்று பதினேழு பின்னூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை. போட்டிக்குள் போய்விட்டால் கேள்வியைத்தான் பார்ப்போம், கேட்கிற ஆளைப் பார்க்க மாட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவனம்மாள் இறந்துபோனாள். தானாக. எப்படி என்று எழுத மாட்டேன். கிழங்குக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்றும் கேட்காதீர்கள்.

எங்களுக்கு இருபது நாள் தெரியாது. நாற்பத்திரண்டாவது வாரம் ஓர் எறும்பு போட்டோம். நாற்பத்து மூன்றாவது வாரம் டீச்சர், ‘சிவனம்மாவை ஆளையே காணோமே?’ என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஜெரோம் தவளைக்கு விடை சொல்லியிருந்தான்.

8

வந்தவளை முதலில் வாடிக்கையாளர் என்று நினைத்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும். என் நோட்டை நீட்டினேன். பெயர், ஊர், போன் நம்பர் எழுதாமல் யாரையும் உட்கார விடுவதில்லை, போலீஸ் கெடுபிடி அப்போது. ராமுத்தாய், வேடசந்தூர் என்று எழுதி நம்பரும் போட்டுவிட்டு, “இங்க ராயப்பராஜ் சாருங்கறது யாரு?” என்று கேட்டாள்.

கல்லூரிக்குப் போன் போட்டேன். அவர் பத்து நிமிடத்தில் வந்தார், எறும்புக்காரரைத் தேடி ஒரு வாசகி வந்துவிட்டாளென்று முகமெல்லாம் பல்லாக. அந்த முகத்தை மறக்க எனக்கு வழியில்லை.

“அக்கா செத்துப்போச்சுங்க சார். இருவது நாளாச்சு.”

“எந்த அக்கா?” என்றார் ராயப்பராஜ்.

“சிவனம்மா. நான் தங்கச்சி.”

அவர் உட்காரவில்லை. கேபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். எங்கள் பக்கம், அச்செடுத்தது. கிழங்கின் படம் கறுப்பு வெள்ளையில்.

“வீட்டுல ஒண்ணும் எழுதி வக்கலை. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல கடைசியா இதத்தான் தொறந்து தொறந்து பாத்துருக்குதாம். கிளார்க் சார் எடுத்துக் குடுத்தாரு. ஒண்ணும் புரியலை. அதான் கேக்கலாம்னு வந்தேன்.” விரலை வைத்துக் காட்டினாள். “இங்கன ரெண்டு புள்ளின்னு போட்டுருக்கே, அது என்னதுங்க?”

ராயப்பராஜ் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். புதிரின் விதியை, முதல் விடைக்கு இரண்டு, அடுத்ததுக்கு ஒன்று என்று, ஒரு வாடிக்கையாளருக்கு மணிக்கு எவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னேன்.

“யாருக்குக் கெடச்சுது?”

“எனக்குத்தாம்மா.”

அவள் தலையாட்டினாள். குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொண்டாள், அவ்வளவுதான்.

“அன்னைக்கு வத்தலக்குண்டுல சித்தப்பா மக கல்யாணம். நீ போ, நான் இருந்துக்கிறேன்னுச்சு. நான் போயிட்டேன். ஒருநா போகாம இருந்துருந்தா...” நிறுத்தினாள். “எங்கிட்டச் சொல்லலை. சரி, நான் படிக்காதவ, எங்கிட்டச் சொல்லி என்னன்னு நெனச்சிருக்கும். உங்ககூடத்தான் அது எந்நேரமும் எழுதிக்கிட்டே இருக்கும். உங்ககிட்டயாச்சும் சொல்லிருக்கும்ல? இம்புட்டுத்தான் எழுதுச்சா சார்? இந்த ஒத்த வரிதானா? வேற ஒண்ணுமே எழுதலையா?”

ராயப்பராஜ் தாளை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இம்புட்டுத்தாம்மா” என்றார்.

அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. அதை நான் பார்த்தேன். இத்தனை நாள் தூக்கிக்கொண்டு அலைந்ததைக் கொஞ்சம் கீழே வைத்தது மாதிரி.

“அப்ப யாருகிட்டயுமே சொல்லணும்னு அதுக்குத் தோணலை போல” என்றாள். “எம்மேல மட்டும் கோவம் இல்லை.” நான் வரவழைத்த டீயை முழுசாகக் குடித்தாள். தாளை மடித்து வைத்தாள். “வாரேன் சார். வாரேண்ணே.”

9

அவள் போனபின் ராயப்பராஜ் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தார். திரையில் ஏதோ திறந்தார். “பாய், இங்க வாங்க” என்றார்.

அன்றைக்குத்தான் அந்த நாலு வரியை நான் படித்தேன். நீங்கள் படித்ததேதான்.

“பஸ்ஸு இன்னும் எடுத்திருக்க மாட்டான்” என்றார். “ஓடிப்போய்ச் சொல்லிரட்டா பாய்?”

இந்த இடத்துக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவர் ஓடுகிறார். வேடசந்தூர் பஸ் புறப்படுகிறது. ஜன்னலோரம் ராமுத்தாய். மூச்சுவாங்கச் சொல்கிறார். அவள் காறித் துப்புகிறாள். (எனக்குப் பிடித்த முடிவு இது. அவர் முகத்தில் மட்டும்தான் எச்சில் விழுகிறது.)

அவர் ஓடுகிறார். பஸ் போய்விட்டது. (சினிமா.)

அவர் சொல்கிறார். அவள் அழுகிறாள், ‘அக்கா கடைசியில யாரையாச்சும் கூப்ட்டுச்சுல்ல, அது போதும்’ என்கிறாள். (இதை எழுதிவிட்டு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.)

இனி நடந்ததைச் சொல்கிறேன். கதை ராயப்பராஜினுடையது என்று ஆரம்பித்தேன். உங்களை ஏமாற்றியிருக்கிறேன்.

அவர் எழுந்தே விட்டார். ஒரு கால் செருப்புக்குள் போயாயிற்று. அப்போது நான், “உக்காருங்க சார்” என்றேன். “அது நிம்மதியாப் போகுது. அதையும் எதுக்குக் கெடுக்கணும்?”

நல்ல வார்த்தை மாதிரித்தான் இருக்கிறது, இல்லையா? அவளுடைய நிம்மதிக்காகத்தான் சொன்னேன் என்று நாலைந்து வருடம் நானே நம்பினேன். அவள் திரும்பி வந்து மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து அந்த மின்னஞ்சலைப் படித்தால், தலையைத் தூக்கியதும் எதிரே தெரிவது என் நாற்காலி. அதற்குத்தான் பயந்தேன்.

ராயப்பராஜ் உட்கார்ந்தார். சொல்பேச்சுக் கேட்கிற மனிதர். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், அதற்குப்பிறகு எறும்பு, வலைப்பூ எதற்கும் எழுந்திருக்கவில்லை. ‘கரடு’ அப்படியே நின்றுபோயிற்று. நிறுத்திவிட்டோம் என்று ஒரு வரி எழுதக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த புதிர் எப்போது என்று துபாய்க்காரர் மட்டும் இரண்டு தடவை கேட்டார். தெருவில் பார்த்தால் ராயப்பராஜ் சைக்கிளை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவார். நானும் கூப்பிட மாட்டேன்.

10

முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் தள்ளிவிடுகிறேன், அது நேர்மையில்லை என்று தெரிந்தே.

அந்த நாலு வரி இதுவரை இரண்டு பேருக்குத் தெரியும். இப்போது உங்களோடு மூன்று. ராமுத்தாய் இன்னும் அந்த மில்லில்தான் இருக்கிறாள். அவள் நம்பர் என் நோட்டில் இருந்தது. கடையை மூடியபோது அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். “ஹலோ, யாருங்க?” என்ற குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். இதை எழுத எடுத்துக்கொண்ட நாட்களில் வேடசந்தூருக்கு எத்தனையோ தடவை போய் வந்திருக்கலாம். போவதைத் தவிர்க்கத்தான் எழுதினேனோ என்னவோ.

சொல்வதா வேண்டாமா? சொன்னால், ஒரே ஒரு ஆள் போதுமாயிருந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், அக்கா யாரையுமே கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் கிழவியாகிவிடுவாள். கூப்பிட்டவளை, கூப்பிடாதவள் என்று ஆக்கி வைத்திருக்கிறோம். இரண்டில் எது பாவம் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். நம்பர் வேண்டுமென்றால் தருகிறேன்.

போவதானால் ஒன்றுக்குத் தயாராகப் போங்கள். எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்பாள். எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் அவள் வாயில் அதே கேள்விதான் வந்து நிற்கிறது: ‘அந்த ஞாயித்துக்கெழம நீங்கள்லாம் எங்க இருந்தீங்க?’

மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. என் பதில் பழைய பறவைக் குறிப்பேட்டில் தேதியோடு இருக்கிறது. காலை ஆறேகால் முதல் ஒன்பதரை வரை, குடகனாற்றோரம், அவள் வீட்டிலிருந்து ஒரு மைல். முப்பத்தொரு வகைப் பறவை. உடன் வந்தவர்கள் என்ற இடத்தில், யாருமில்லை என்று எழுதியிருக்கிறேன்.